கணவன், மனைவிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: தூதரக வழியா, உள்ளேயே ஸ்டேட்டஸ் மாற்றமா? முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் தம் துணைக்கு விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. துணை வெளிநாட்டிலேயே இருந்து தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு வருவது ஒன்று. ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருப்பவர் ஊருக்குப் போகாமல் இங்கேயே ஐ-485 படிவம் போட்டு ஸ்டேட்டஸை (குடியேற்ற நிலையை) மாற்றிக்கொள்வது இன்னொன்று.

நான் என் மனைவியை மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் வழியாக அழைத்து வந்தேன். அதன்பின் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பல தம்பதிகளோடு காகிதங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போயே ஆக வேண்டிய இடங்களைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எது சீக்கிரம் முடியும்?" அதற்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்விகள் நான்கு இருக்கின்றன. பெரும்பாலோருக்கு அந்த நான்கு விடைகளிலேயே வழி முடிவாகிவிடும்.

1. படிவத்தைத் திறக்கும் முன் நான்கு விடைகள்

துணை இன்று எங்கே இருக்கிறார்? வெளிநாட்டில் என்றால் தூதரக வழிதான். அமெரிக்க மண்ணில் இருப்பவர் மட்டுமே ஐ-485 போட முடியும்.

கடைசியாக எப்படி உள்ளே வந்தார்? விசாவோடு வந்து, அதிகாரி பார்த்து அனுமதித்தாரா என்பதே கேள்வி. இதற்குச் சான்று ஐ-94 பதிவு. அதை இன்றே இணையத்தில் எடுத்துச் சேமித்துவிடுங்கள்.

ஸ்பான்சர் (துணைக்காக விண்ணப்பிப்பவர்) குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா? குடிமகனின் துணைக்கு ஆண்டு வரம்பும் இல்லை, வரிசையும் இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணை எஃப்2ஏ பிரிவில் வருவார். மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் தம் தேதி வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் விதிகளும் அவருக்குக் கடுமையானவை.

பழைய சிக்கல் ஏதாவது உண்டா? அனுமதி முடிந்தும் தங்கியது, அனுமதியில்லாமல் வேலை பார்த்தது, கைது, நாடு கடத்தும் உத்தரவு, முன்பு விசா படிவத்தில் எழுதிய தவறான தகவல் என எதுவாக இருந்தாலும் துணையிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நேர்காணல் மேசையில்தான் இது வெளியே வருகிறது என்றால் காலம் கடந்துவிட்டது.

2. காகிதங்களைச் சரிசெய்வது இரண்டாவது வேலை

அவசரப்பட்டுப் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டுக் காகிதம் தேடுவோர் அதிகம். நம் ஊர்க் காகிதங்களில் உள்ள வில்லங்கங்களைத் தீர்க்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் படிவத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

பெயர்தான் தமிழர்களுக்குப் பெரிய தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். அது அப்படியே கிரீன் கார்டுக்கும், ஓட்டுநர் உரிமத்துக்கும் தொடரும். மறுபதிப்புக்கு விண்ணப்பித்துப் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொண்டு, அதன்பின் ஐ-130 (துணைக்காக ஸ்பான்சர் போடும் மனு) போடுவதே நல்லது. (எஃப்என்யூ உள்ளவர்களுக்கு ஐ-94 கிடைக்கவில்லை என்றால், முதல் பெயர் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தையே போட்டுத் தேடிப் பாருங்கள்.)

பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கும். பதிவு செய்த நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைச் சேர்த்து வாங்குங்கள். பதிவே இல்லை என்றால், 'பதிவு இல்லை' என்ற சான்றையும், அதோடு பள்ளிச் சான்றிதழ் போன்ற துணை ஆவணங்களையும் சேர்க்க வேண்டும்.

திருமணச் சான்றிதழ். கோயிலில் கொடுத்த சீட்டும் மண்டப ரசீதும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகச் சான்றே செல்லும். திருமணத்துக்கு இரண்டே வார விடுப்பில் வருபவர்கள் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பதிவுக்கென்று ஒரு நாளை விடுப்பிலேயே ஒதுக்குங்கள்.

முன்பு திருமணம் நடந்திருந்தால், இருவர் தரப்பிலும் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், தமக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை.

3. வழியை முடிவு செய்தல்

*துணை வெளிநாட்டில் இருக்கிறார்.* தூதரக வழி. இந்தியாவில் இருப்பவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில். சென்னைத் துணைத் தூதரகத்தில் மாணவர் விசா வாங்கியவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு, டொராண்டோத் தமிழர்களுக்கு மாண்ட்ரியல். 2025 நவம்பர் முதல் வசிக்கும் நாட்டில் அல்லது குடியுரிமை உள்ள நாட்டில்தான் நேர்காணல் என்ற விதி வந்துவிட்டது. எங்கே கூட்டம் குறைவு என்று தேடி வேறு நாட்டுக்குப் போகும் யோசனை இனி உதவாது.

இந்த இடத்தில்தான் யாராவது ஒரு மாமா சொல்வார்: "விசிட் விசாவில் கூட்டிட்டு வந்துடுப்பா, இங்க வந்து மாத்திக்கலாம்." தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, தங்கிவிடும் எண்ணத்தோடு வருவது பொய்த் தகவல் தந்த குற்றமாக முடியலாம். அப்படித் தீர்மானித்துவிட்டால், விலக்கு கிடைத்தாலொழிய அந்தத் தடை வாழ்நாளுக்கும் நிற்கும். வெளியுறவுத் துறையின் கையேட்டில் 90 நாள் விதி என்று ஒன்று உண்டு: உள்ளே வந்த 90 நாளுக்குள் விசாவுக்குப் பொருந்தாத காரியம் செய்தால், வரும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று ஊகிக்கலாம். குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் அந்த விதிக்குக் கட்டுப்பட்டதில்லை. ஆனாலும் தேதிகளைப் பார்க்கும், கேள்வி கேட்கும். 91ஆம் நாள் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. எண்ணம்தான் இங்கே கணக்கு, நாள் அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே.

ஐ-130 நிலுவையில் இருக்கும்போது, ஏற்கெனவே உள்ள விசிட் விசாவில் உண்மையாகவே பார்த்துவிட்டுத் திரும்ப வருவதற்குத் தடை இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். திரும்பிப் போவதற்கு வேலை, படிப்பு, பயணச்சீட்டு என்று சான்று கையில் இருக்க வேண்டும். உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பும் இருக்கிறது என்று தெரிந்தே கிளம்புங்கள்.

*துணை எச்-1பி, எச்-4, எல்-1 போன்றவற்றில் உள்ளே இருக்கிறார்.* ஸ்டேட்டஸ் மாற்றத்துக்கு மிகவும் ஏற்ற நிலை இதுதான். குடியேறும் எண்ணம் இருப்பதை இந்த விசாக்கள் அனுமதிக்கின்றன. எண்ணம் பற்றிய கேள்வியே எழாது.

*எஃப்-1 மாணவராக உள்ளே இருக்கிறார்.* படிக்க வந்த இடத்தில் பின்னர் திருமணம் முடிவானது என்றால் ஸ்டேட்டஸ் மாற்றம் இயல்பானதே. ஆனால் ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு, எஃப்-1 விசாவிலேயே திரும்பி வந்து, மறுவாரமே ஐ-485 போடுவது மேலே சொன்ன எண்ணக் கேள்வியை வரவழைக்கும். இந்த வரிசையைத்தான் நம்மவர்கள் அதிகம் செய்கிறார்கள். பயணத்துக்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

*அனுமதி முடிந்தும் தங்கியிருக்கிறார்.* இங்கே ஸ்பான்சர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முறையாக உள்ளே வந்தவர், குடிமகனின் துணை என்றால், தங்கிய நாட்களும் அனுமதியில்லாத வேலையும் ஐ-485க்குத் தடையாவதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஸ்டேட்டஸ் அறாமல் இருந்திருக்க வேண்டும்.

இவர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, 'சுத்தமாகச் செய்துவிடுவோம்' என்று ஊருக்குப் போய்த் தூதரக வழியில் வர முயல்வது. சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் வெளியேறியதும் 3 ஆண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. உள்ளே இருக்கும்வரை உறங்கிக்கொண்டிருக்கும் இந்தத் தடை, விமானம் ஏறியதும் விழித்துக்கொள்ளும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிப் போய், திரும்ப முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

*அதிகாரி பார்க்காமல் எல்லை கடந்து வந்தவர், நாடு கடத்தும் உத்தரவு உள்ளவர், கைதானவர்.* தெற்கு எல்லை வழியாக வந்து அடைக்கலம் கேட்டு நிற்கும் ஈழத்தமிழர் சிலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். குடிமகனைத் திருமணம் செய்ததால் மட்டும் இவர்கள் ஐ-485 போட்டுவிட முடியாது. இதற்கு இந்த வழிகாட்டி போதாது. குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு காகிதமும் அனுப்பாதீர்கள்.

ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்தவர்கள் கவனிக்க: இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால், அதை முடிக்கும்வரையோ விலக்கு வாங்கும்வரையோ இரண்டு வழியும் மூடியவைதான்.

4. இரண்டும் திறந்திருந்தால் எதை எடுப்பது

துணை முறையான ஸ்டேட்டஸில் உள்ளே இருந்தால் மட்டுமே இந்தக் கேள்வி வரும். சேர்ந்து வாழ்வதுதான் முக்கியம் என்றால் ஸ்டேட்டஸ் மாற்றம். விலையாக, பயண அனுமதி வரும்வரை நாட்டைவிட்டு நகர முடியாது; வேலை அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். தூதரக வழியில் பிரிந்திருக்க வேண்டும். ஆனால் வந்திறங்கும் நாளிலேயே அவர் நிரந்தரவாசி, மறுநாளே வேலைக்குப் போகலாம்.

செலவையும் பாருங்கள். 2024 ஏப்ரல் கட்டணப்படி ஐ-130 இணையத்தில் 625 டாலர், காகிதத்தில் 675. தூதரக வழியில் அதோடு விசாக் கட்டணம் 325, ஆதரவுப் பத்திரத்துக்கு (துணையின் செலவைத் தாங்குவேன் என்று ஸ்பான்சர் தரும் உறுதிமொழி) 120, கார்டுக்கு 235, மொத்தம் 1,305. ஸ்டேட்டஸ் மாற்றத்தில் ஐ-485க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630. காகித ஐ-130ஐயும் சேர்த்தால் 3,005. மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. அனுப்பும் நாளில் கட்டணப் பட்டியலை மறுபடியும் பாருங்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரியதாகத் தோன்றுவது, மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது. தூதரக அதிகாரி மறுத்தால் நீதிமன்றத்தில் எதிர்க்க ஏறக்குறைய வழியே இல்லை. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமகனுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. உள்ளே ஐ-485 மறுக்கப்பட்டால் குடியேற்ற நீதிபதி முன் மறுபடியும் வாதாடலாம். ஆனால் வேறு ஸ்டேட்டஸ் இல்லாதவருக்கு அது நாடு கடத்தும் வழக்காகவே வரும். அதனால் எச்-1பி உள்ளவர், கார்டு கைக்கு வரும்வரை எச்-1பியை உயிரோடு வைத்திருப்பது நல்லது. புதிய வேலை அனுமதி அட்டையைக் காட்டி வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்தப் பிடிமானம் போய்விடும்.

5. ஐ-130: இரண்டு வழிக்கும் பொதுவான வாசல்

இது ஸ்பான்சர் போடும் மனு. துணை பற்றிய ஐ-130ஏ படிவத்தையும் சேர்க்க வேண்டும்.

படிவத்தின் நான்காம் பகுதியில் ஒரு கேள்வி: துணை ஸ்டேட்டஸ் மாற்றம் செய்வாரா, தூதரகத்துக்குப் போவாரா? இதைப் பலர் யோசிக்காமல் நிரப்புகிறார்கள். ஸ்டேட்டஸ் மாற்றம் என்று எழுதினால், ஒப்புதலுக்குப் பின் கோப்பு யூஎஸ்சிஐஎஸ்ஸிலேயே நின்றுவிடும். பிறகு தூதரகத்துக்கு அனுப்ப ஐ-824 என்ற தனி மனு, தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. தூதரகம் என்று எழுதிவிட்டுப் பின்னர் உள்ளே ஐ-485 போடுவது இதைவிட எளிது. வெளிநாட்டில் இருப்பவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்டேட்டஸ் மாற்றத்தை எழுதவே எழுதாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் போடும் மனுவில் துணையின் குழந்தைகள் கூடவே வரலாம். குடிமகன் போடும் மனுவில் வர முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 வேண்டும். குழந்தைக்கு நீங்கள் மாற்றாந்தாயோ மாற்றுத் தந்தையோ என்றால், குழந்தைக்கு 18 வயது ஆகுமுன் உங்கள் திருமணம் நடந்திருக்க வேண்டும். ஸ்பான்சர் நடுவில் குடியுரிமை வாங்கினால் துணையின் மனு வேகம் பிடிக்கும். கூடவே வருவதாக இருந்த குழந்தை வெளியே நின்றுவிடும். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்றே குழந்தைக்குத் தனி மனு போட வேண்டியது இதனால்தான்.

திருமணம் உண்மையானது என்பதற்குச் சான்று: கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டில் வாரிசாகப் பெயர், போய்வந்த பயணச்சீட்டுகள். பெற்றோர் பார்த்து வைத்த திருமணத்தில் இவை முதலில் இருக்காது, பயப்பட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, இரு குடும்பமும் நிற்கும் படங்கள், நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை வெவ்வேறு நாட்களில் எடுத்தவை, அழைப்புப் பதிவுகள் போதும். ஆல்பம் முழுவதையும் அனுப்பாதீர்கள். இருபது படம், ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்ற குறிப்பு.

6. தூதரக வழியின் படிகள்

ஐ-130 ஒப்புதலானதும் கோப்பு தேசிய விசா மையமான என்விசிக்குப் போகும். வழக்கு எண் 'பிஎம்பி' என்று தொடங்கினால் மும்பை. அங்கே கட்டணங்கள், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஆதரவுப் பத்திரம், ஆவணங்கள் என்ற வரிசையில் நடக்கும். என்விசியின் அறிவிப்புக்கு ஓராண்டு பதிலே கொடுக்காமல் விட்டால் வழக்கு முடிக்கப்படலாம்; ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

காவல்துறைச் சான்று. இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி. 16 வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த மற்ற நாடுகளுக்கும் வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தவர்கள் இதைக் கடைசியில்தான் நினைவுகூர்கிறார்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே விசாரித்து வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனை, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். காசநோய்ச் சோதனையில் ஐயம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு எட்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே வேலையை விட்டுவிடுவதும் விமானச்சீட்டு வாங்குவதும் வேண்டாம்.

நேர்காணலுக்குத் துணை பெரும்பாலும் தனியாகத்தான் போவார். ஸ்பான்சரின் வேலை, சம்பளம், முன் திருமணம், உடன்பிறந்தோர் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 221ஜி என்று தாள் கொடுத்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி என்று பொருள். தாளில் கேட்டதை மட்டும் கொடுங்கள்.

7. ஸ்டேட்டஸ் மாற்றத்தின் படிகள்

குடிமகனின் துணை ஐ-130, ஐ-485 இரண்டையும் ஒன்றாக அனுப்பலாம். எஃப்2ஏ என்றால் விசா புல்லட்டினில் தேதி திறந்திருக்க வேண்டும். அனுப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: ஐ-130ஏ, ஐ-864 ஆதரவுப் பத்திரம், ஐ-693 மருத்துவ உறை, வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131, பாஸ்போர்ட், விசா, ஐ-94 நகல்கள், பிறப்பு, திருமணச் சான்றுகள்.

கட்டு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயங்களே: பழைய பதிப்புப் படிவம், விடுபட்ட கையெழுத்து, தவறான கட்டணம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள பதிப்புத் தேதியை அனுப்பும் அன்று சரிபாருங்கள். 2024 டிசம்பர் முதல் மருத்துவ உறையைக் கட்டோடு சேர்த்தே அனுப்ப வேண்டும், பிறகு தருகிறேன் என்பது செல்லாது. உறையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். 2025 அக்டோபர் இறுதி முதல் காசோலையும் ஏற்கப்படுவதில்லை. கடன் அட்டை அல்லது வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் படிவம் வைக்க வேண்டும்.

பயண அனுமதியான அட்வான்ஸ் பரோல் கைக்கு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் ஐ-485ஐக் கைவிட்டதாகக் கொள்வார்கள். செல்லுபடியாகும் எச் அல்லது எல் விசாவில் திரும்புவோருக்கு விலக்கு உண்டு. ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், அனுப்பும் முன் ஒருமுறை போய்வருவது பற்றி யோசியுங்கள். அதிலும் எஃப்-1 பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

நேர்காணல் உள்ளூர் அலுவலகத்தில், இருவரும் சேர்ந்து. மூல ஆவணங்களோடு, விண்ணப்பித்தபின் சேர்ந்த புதிய சான்றுகளும் கொண்டு போங்கள்.

8. ஆதரவுப் பத்திரம்

ஐ-864 இரண்டு வழியிலும் வேண்டும். ஸ்பான்சரின் வருமானம் அவர் குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டில் 125 சதவீதம் இருக்க வேண்டும். துணையையும் குடும்ப அளவில் எண்ணுங்கள். போதவில்லை என்றால் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கூட்டு ஸ்பான்சர் ஆகலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: துணை குடியுரிமை பெறும்வரை அல்லது ஏறத்தாழ பத்தாண்டு உழைப்புக்கான 40 காலாண்டுகள் சேரும்வரை இந்தப் பொறுப்பு பொதுவாகத் தொடரும். விவாகரத்தானாலும் தீராது.

ஸ்பான்சரே சென்னையில் துணையோடு தங்கியிருந்தால், அமெரிக்காவில்தான் இருப்பிடம் அல்லது துணையோடு சேர்ந்து திரும்பப் போகிறேன் என்று காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளுக்கும் வரிக்கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யாதவர்கள் ஐ-130 போடும் மாதமே அதைத் தொடங்குங்கள்.

9. கார்டு வந்தபின் ஒரு தேதி

ஸ்டேட்டஸ் ஒப்புதலான நாளில், அல்லது விசாவோடு வந்திறங்கும் நாளில், திருமணமாகி இரண்டாண்டு ஆகவில்லை என்றால் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. இரண்டாம் திருமண நாள் நெருங்கிவிட்டது, விசாவில் காலம் இருக்கிறது என்றால், அந்த நாள் கழிந்தபின் வந்திறங்குங்கள். விசாவில் சிஆர்1 (இரண்டாண்டு நிபந்தனை வகை) என்று இருந்தாலும், இரண்டாண்டு முடிந்துவிட்டது என்று விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டிச் சொல்லுங்கள். ஐஆர்1 (நிபந்தனை இல்லாத வகை) என்று மாற்றிக்கொடுப்பார்கள்.

இரண்டாண்டுக் கார்டு வந்தால், அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 போட வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தவறவிட்டால் ஸ்டேட்டஸே போய்விடும். கார்டு வந்த அன்றே அந்த 90 நாளின் முதல் தேதியைக் கணக்கிட்டு, இருவர் போனிலும் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.